ஈட்டிக் கட்டிலும் நகைப்பெட்டியும்

குமுளிக் கடைவீதியில் மரப்பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. பித்தளைப் பூ பதித்தவை உத்தரப்பிரதேசத்துச் சஹாரன்பூரிலிருந்து வருகின்றன. வால்நட் மரத்தில் சினார் இலை செதுக்கியவை காஷ்மீரிலிருந்து வருகின்றன. தேக்கடியில் படகு ஏற வந்தவர்கள் ஏலக்காய், மிளகோடு ஒரு பெட்டியையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். என்ன மரம் என்று கேட்டால் ‘ரோஸ்வுட்’, அதாவது ஈட்டி, என்று பதில் வருகிறது. சஹாரன்பூர்ப் பெட்டிகளில் பெரும்பாலானவை ஷீஷம் அல்லது மாமரம். ஷீஷம் நம் ஈட்டிக்குப் பங்காளி முறை, இரண்டும் டால்பெர்ஜியா இனம்தான். ஆனாலும் ஈட்டியின் கருஞ்சிவப்பும் கனமும் அதற்குக் கிடையாது.

மலையிறங்கினால் லோயர் கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர். அசல் ஈட்டியிலும் பலாவிலும் நகைப்பெட்டி செய்கிற ஒருவர் இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறார் என்று கம்பத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பர் சொன்னார். அவரே மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டும் போனார். தன் பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று பெரியவர் கேட்டுக்கொண்டார். காரணம் நியாயமானது, பிறகு சொல்கிறேன். இங்கே அவர் ஆசாரி ஐயா.

ஓட்டுச் சார்ப்பு ஒன்றுதான் பட்டறை. பின்சுவர் ஓரமாக, பிரித்துப்போட்ட பழைய கட்டில்கள், கதவு நிலைகள், உத்தரக் கட்டைகள், ஊஞ்சல் பலகை ஒன்று. பட்டறையில் புது ஈட்டி என்று ஒரு துண்டு கிடையாது.

“காட்டு மரம் நான் தொட்டே முப்பது வருசம் இருக்கும் தம்பி. எல்லாம் வீடு இடிச்ச மரந்தான். கம்பத்துலயும் சின்னமனூர்லயும் பழைய வீட்டப் பிரிச்சு மாடி வீடு கட்டுறாங்கள்ல, அப்பச் சொல்லி விடுவாங்க. கட்டில் இருக்கு, எடுத்துக்கிருங்கன்னு. எடைக்குப் போடுறதுக்கு எனக்குக் குடுத்தா நாலு காசு கூடத்தான தருவேன்.”

ஈட்டியைத் தோதகத்தி என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் சொத்து அது, மெதுவாக வளரும் மரம். தமிழ்நாட்டில் அதை வெட்டக் கூடாது என்று 1994இல் சட்டம் வந்து, 1995 முதல் 15 ஆண்டுகளுக்கு நடைமுறையில் இருந்தது. 2010இல் இன்னொரு 15 ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். அந்தப் பக்கம் கேரளத்தில் தேக்கு, ஈட்டி, சந்தனம், கருங்காலி நான்கும் ராஜமரங்கள். பட்டா நிலத்தில் நின்றாலும் பெரும்பாலும் அரசாங்கத்துக்கே உரியவை. அங்கே 2020இல் வந்த ஓர் அரசாணையைச் சாக்காக வைத்து வயநாட்டு முட்டிலில் நூற்றுக்கும் மேற்பட்ட ஈட்டி மரங்களைச் சாய்த்து, அது பெரிய வழக்கானது. உலக அளவில் 2017 ஜனவரி முதல் டால்பெர்ஜியா இனம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின் பட்டியலில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே நிற்கும் மேகமலைக் காடு 2021இல் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாகிவிட்டது.

இந்தக் கட்டுப்பாடுகள் எல்லாம் வேண்டியவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆசாரி ஐயாவுக்கும் இல்லை. “மரம் நிக்கட்டும், எம் பொழப்புக்காக ஒரு மரத்த வெட்டுனா அது பாவம்” என்றார். அவருடைய சங்கடம் வேறு. காட்டில் வெட்டிய மரத்தையும், நாற்பதுகளில் யாரோ கல்யாணத்துக்குச் செய்த கட்டில் சட்டத்தையும், பாலிஷைச் சுரண்டிவிட்டால் பார்வைக்குப் பிரித்தறிய முடியாது. மரம் கொண்டுபோவதற்கு 1968ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதிச் சீட்டு உண்டு. எண்பது வருடக் கட்டிலுக்கு எந்தச் சீட்டைக் காட்டுவது? சைக்கிளில் நான்கு கட்டில்காலைக் கட்டிக்கொண்டு வந்த ஆசாரி ஐயாவை வழியில் நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள். கட்டில் கொடுத்த வீட்டுக்காரரைக் கூட்டி வந்து சொல்லவைத்த பிறகுதான் விட்டார்கள். அதனால்தான் பெயர் வேண்டாம் என்கிறார். யோக்கியமாகப் பிழைக்கிற ஒருவர் ஒளிந்துகொண்டு தொழில் செய்ய வேண்டியிருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அவருடைய அப்பா செய்தது மாட்டுவண்டி, கலப்பை, நுகத்தடி. 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் திரும்பியதிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கில் இருபோக நெல். நெல் இருந்தால் மாடு, மாடு இருந்தால் வண்டி, வண்டி இருந்தால் தச்சருக்கு ஓயாத வேலை. சக்கரத்துக்குக் கருவேலம், கலப்பைக்கும் அதுவே. டிராக்டர் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஆசாரி ஐயா கதவு ஜன்னல் வேலைக்குத் திரும்பினார். ரெடிமேட் கதவு வந்து அதையும் எடுத்துக்கொண்டது.

பெட்டி வேலை அவருக்குப் பழக்கமானது போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர் மூலமாக. பழைய கல்லாப்பெட்டி ஒன்றின் அடி இற்றுப்போனதென்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மூடி சாய்வாக இருக்கும், அதன் மேல் கணக்கு நோட்டை வைத்து எழுதலாம். உள்ளே சில்லறைக்குக் கிண்ணம் கிண்ணமாகக் குடைந்த பலகை. அதைப் பிரித்தபோது பின்பக்கத் தடுப்பு மேலே வழுக்கி, உள்ளே இன்னொரு சின்ன அறை திறந்துகொண்டது. வியாபாரிக்கே அது தெரியாது. அறைக்குள் ஒன்றும் இல்லை. ஆனால் அதைச் செய்த கை எத்தனை நிதானமாக வேலை செய்திருக்கிறது என்று பார்த்து அன்று ராத்திரி தூங்கவில்லை என்றார். பல வருடங்களுக்கு முன் நடந்ததை நேற்று நடந்ததுபோலச் சொன்னார். அதன்பிறகுதான் கல்லாப்பெட்டி, அஞ்சறைப்பெட்டி, நகைப்பெட்டி.

இந்தக் கைவேலைக்கு நம் பக்கத்தில் நீண்ட சொந்தபந்தம் உண்டு. தலச்சேரிப் பக்கத்து நெட்டூர்ப்பெட்டி ஈட்டியில் செய்து பித்தளை பூட்டியது, மேலே கூர்ங்கோபுர மூடி. விசாகப்பட்டினத்தில் தந்தமும் கருங்காலியும் சேர்த்துச் செய்த பெட்டிகள் கம்பெனிக் காலத்தில் கப்பலேறி, இன்று லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மைசூரின் ஈட்டி இழைப்பு வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆசாரி ஐயா செய்வதில் இத்தனை அலங்காரம் கிடையாது. மரத்தின் ரேகைதான் அலங்காரம்.

அந்த ரேகைக்காக அவர் எடுக்கும் பாடு சொல்லி முடியாது. கட்டிலின் நீளச் சட்டம் ஆறடி இருக்கும். முதலில் காந்தத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, உள்ளே ஆணி ஒடிந்து கிடக்கிறதா என்று பார்க்கிறார். ஓர் ஆணி தப்பினாலும் மில்லில் வாள் போய்விடும். அதற்குப் பயந்து பழைய மரம் என்றாலே அறுத்துத்தர மாட்டேன் என்று சொல்லும் மில்காரர்களும் உண்டு. சட்டத்தை மெல்லிய பலகைகளாக அறுத்த பிறகு அதைக் கண்ட இடத்தில் வெட்டுவதில்லை. நீளம், அகலம், நீளம், அகலம் என்று வரிசை குலையாமல் நான்கு துண்டு போட்டு, அதே வரிசையில் மூலை சேர்க்கிறார். ஒரு பக்கத்தில் ஓடும் கருப்பு ரேகை மூலை திரும்பி அடுத்த பக்கத்தில் தொடர்கிறது. மூலைகளில் ஆணி இல்லை. புறா வாலை விரித்த வடிவத்தில் பல் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைத் தட்டி இறக்குகிறார். முன்பெல்லாம் வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டுவார்களாம், இப்போது ஃபெவிக்கால். அடிப்பலகைக்குப் பசை கிடையாது. நான்கு பக்கத்திலும் வெட்டிய காடியில் சும்மா உட்கார்ந்திருக்கும். மரம் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும், ஒட்டிவிட்டால் வெடித்துவிடும்.

அடுத்ததுதான் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மேல்பலகையையும் வைத்து, ஆறு பக்கமும் அடைத்த ஒரு கட்டியாகப் பெட்டியை முடித்துவிட்டார். மூடி என்று தனியாக ஒன்றும் செய்யவில்லை. பிறகு மேலிருந்து ஓர் அங்குலம் விட்டுச் சுற்றிலும் கோடு கீறி, மெல்லிய வாளால் அந்தக் கோட்டோடு அறுத்தார். ஒரு பக்கத்தை முழுக்க அறுக்காமல் நான்கு பக்கத்தையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக. வாள் கோட்டை விட்டு நூலளவு விலகினாலும் அத்தனை வேலையும் வீண். முகத்தில் துண்டைக் கட்டியிருந்தார். ஈட்டித் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, சிலருக்குத் தோலில் தடிப்பு வரும். கடைசி இழை அறுந்ததும் பெட்டியிலிருந்து மூடி பிரிந்தது. ஒரே உடம்பிலிருந்து வந்ததால் மேலேயும் கீழேயும் ரேகை இம்மி பிசகாமல் பொருந்தி நின்றது.

அறுத்த வாயைச் சீவ அவர் எடுத்த இழைப்புளி உள்ளங்கைக்குள் அடங்கும். கட்டை வேங்கை, அப்பா கடைந்தது. தகடு லாரிப் பட்டையிலிருந்து அடித்தது. தீட்டித் தீட்டிப் பாதியாகத் தேய்ந்திருக்கிறது. தகட்டை ஏற்றவும் இறக்கவும் திருகாணி கிடையாது. ஆப்பைச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி, காதருகே வைத்துக் கட்டையை விரலால் சுண்டுகிறார். சத்தம் திருப்தியாக இருந்தால்தான் மரத்தில் வைப்பார். அதிலிருந்து வந்த சீவலைக் கையில் வாங்கிப் பார்த்தேன், வெங்காயத் தோல் கனம்தான் இருந்தது. கோவையில் மாடுலர் கிச்சன் வேலை பார்க்கும் மகன் மின்சாரச் சீவுளி ஒன்று வாங்கித் தந்திருக்கிறான். கதவுப் பலகை சீவ அதை எடுப்பாராம், பெட்டியில் வைக்க மாட்டார்.

உப்புத்தாள் தேய்ப்பதும், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பாலிஷ் ஏற்றுவதும் நாள்கணக்கில் நடக்கிற வேலை. பார்க்க அதில் விசேஷமில்லை. கீலும் கொண்டியும் மதுரையில் வாங்குகிறார்.

பெட்டியின் உள்வாயைச் சுற்றிப் பலாவில் ஓர் உதடு வைப்பார். மூடி அதன்மேல்தான் வழுக்கி இறங்க வேண்டும். அந்தப் பொருத்தத்தை நினைத்தபோது செய்ய முடியாது. ஆனி ஆடியில் குமுளிக் கணவாய் வழியே காற்றும் சாரலும் இறங்கும்போது மரம் உப்பியிருக்கும், அப்போது பொருத்தினால் கோடையில் மூடி ஆடும். சித்திரை வெயிலில் பொருத்தினால் மழையில் மூடி திறக்காது. ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து, தை மாசியில் ஈரமும் காய்ச்சலும் நடுவாக இருக்கும்போது வைத்தால்தான் வருடம் முழுக்க நிற்கும். அப்படிப் பொருத்திய ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கிக் கையை விட்டார். விழவில்லை. உள்ளே அடைபட்ட காற்று விளிம்பு வழியே வெளியேற வெளியேற, தானாக மெல்ல இறங்கி மூடிக்கொண்டது.

இதற்கு என்ன கிடைக்கிறது? மர விலை போக ஒரு பெட்டிக்குப் பத்து நாள் உழைப்பு. கட்டட வேலைக்குப் போனால் தச்சருக்கு நாள்கூலி ஆயிரத்துக்குக் குறையாது. பெட்டியை எடுத்துப்போகும் வியாபாரி அந்தக் கூலியில் பாதிக்கும் குறைவாகத்தான் கணக்குப் போடுகிறார். வெளியூர்க் கடையொன்றில் தன் பெட்டி மூன்று மடங்கு விலையில் இருப்பதை மகன் அனுப்பிய போட்டோவில் பார்த்திருக்கிறார். ‘பழங்காலத்துப் பெட்டி’ என்று சீட்டு ஒட்டியிருந்ததாம். செய்தவர் உயிரோடு உட்கார்ந்திருக்க, பெட்டியை மட்டும் பழம்பொருளாக்கி விற்கிறார்கள். பேரம் பேசி விலையைக் குறைக்கிறவனுக்கு மரம் தெரியாது, உளி தெரியாது, தை மாதத்துக்காகக் காத்திருக்கும் பொறுமையும் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது எந்தக் கடைக்காரன் எவ்வளவு தருவான் என்பது மட்டும். அந்த ஒரு தகவலுக்கு மூன்றில் இரண்டு பங்கு கூலி என்றால் அது கொள்ளை, வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை.

அரசுத் திட்டம் இல்லாமலில்லை. 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் மூன்று லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம்தான். ஆனால் இவருக்குக் கடன் தேவைப்படவில்லை. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இலும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. இதே கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் கிடைத்தது. அதெல்லாம் ஊராகச் சேர்ந்து செய்கிற தொழிலுக்கு, பள்ளத்தாக்கில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது உதவாது. இவருக்கு வேண்டியவை இரண்டே இரண்டு. பழைய வீட்டு மரம் இது என்று கிராம நிர்வாக அலுவலரோ வனத்துறையோ தரும் ஒரு தாள். செய்தவர் பெயர் போட்டு, நியாய விலையில் விற்றுத்தரும் ஓர் இடம். 1973 முதல் இருக்கும் தமிழக அரசின் பூம்புகார் கைவினைப்பொருள் நிறுவனத்துக்கு இரண்டாவது முடியாத காரியமா? முதலாவதுக்கு ஒரு முத்திரை போதும்.

ஈட்டி இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டேன். “இந்த ஒரு கட்டிலு, அந்த நிலை. சின்னப் பெட்டியாப் போட்டா ஒரு பத்துப் பன்னெண்டு வரும். அப்புறம் பலாதான்” என்றார். இடுக்கிப் பக்கத்திலிருந்து பலா தாராளமாக வருகிறது. அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்து, வருடங்கள் போகப் போகத் தேன் நிறத்துக்கும் பழுப்புக்கும் மாறும். கரையான் அண்டாது. ஆனால் வாங்க வருகிறவர்கள் பலாவா என்று முகம் சுளிக்கிறார்கள். ஈட்டி என்ற பெயருக்குத்தான் பணம் தருகிறார்கள்.

எனக்குப் பலாவிலேயே ஒன்று சொன்னேன், பெரிய அளவில், உள்ளே தட்டு வைத்து. வியாபாரி தரும் விலையைச் சொல்லாமல், உங்கள் கூலியைக் கணக்குப் போட்டு விலை சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் தாளில் பென்சிலால் கூட்டிக் கழித்தார்.

“பாதிய இப்பக் குடுத்திருங்க தம்பி. பெட்டி ஆவணியில முடிஞ்சிரும். ஆனாக் கேக்காதீங்க. பொங்கல் கழிச்சு மூடி பொருத்தித்தான் தருவேன்.”