பெல்ட் செய்த வேலையை ஒயர் செய்யுமா?

நம்ம ராஜபாளையம் வட்டாரத்து மில்களில் சிம்ப்ளக்ஸ் மெஷினைப் பலர் பார்த்திருப்பீர்கள். பஞ்சுத் திரியை இழுத்து மெலிதாக்கி, லேசாக முறுக்கி, பாபினில் சுற்றுவது அதன் வேலை. அந்த ரோவிங்கில் முறுக்கு குறைவு; கொஞ்சம் கூட இழுத்தால் அறுந்துவிடும். பாபின் பருக்கப் பருக்க அதன் வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்தக் கணக்கைப் பழைய மெஷினில் இரண்டு கூம்பு டிரம்மும் ஒரு பெல்ட்டும் போட்டு வந்தன.

என் அப்பா அந்த மெஷினில்தான் இருபது வருஷமாக இருக்கிறார். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். பெல்ட் வழுக்குவதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். போன வருஷம் அவர் மில்லுக்கு வந்த புது மெஷினில் கூம்பே இல்லை. பிளையர், பாபின், ரோலர், பாபின் ரெயில் நான்குக்கும் தனித்தனி மோட்டார். "ஒயரு எப்படிய்யா பெல்ட்டு வேலையப் பாக்கும்? இனி நான் எதைக் கேட்டு வேலை பாக்க?" என்றார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

அந்த ஒயர் பழைய ஈதர்நெட்டாக இருந்தால் சங்கடம்தான். 1973-ல் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் அதை யோசித்தது ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்காக. ஒரே கேபிளில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் மோதல். இருவரும் நிறுத்தி, குலுக்கல் போல ஆளுக்கொரு நேரம் காத்திருந்து மறுபடி பேச வேண்டும். 10 மெகாபிட் வேகத்தில் ஒரு காத்திருப்பே 52 மில்லி செகண்ட் வரை போகலாம். பிரிண்டருக்கு அது ஒன்றுமே இல்லை. நிமிஷத்துக்கு 1200 சுற்று ஓடும் பிளையர் அதற்குள் ஒரு முழுச் சுற்று போய்விடும்! மெஷின் கிளம்பும்போதும் நிற்கும்போதும் நாலு மோட்டாரும் ஒன்றாக வேகம் மாற வேண்டும். ஒன்று பிந்தினாலும் ரோவிங் போச்சு.

பிறகு ஸ்விட்ச் வந்து மோதல் ஒழிந்தது. ஆனாலும் ஸ்விட்சுக்குள் தகவல் வரிசையில் நிற்கலாம். எவ்வளவு நேரம் என்று உறுதி கிடையாது. 2003-ல் ஜெர்மனியின் பெக்காஃப் கம்பெனி கொண்டுவந்த ஈதர்கேட் இதற்கு நல்ல வழி கண்டது. ஒரே பிரேம் எல்லா டிரைவையும் கடந்து ஓடும். ஓடும்போதே ஒவ்வொரு டிரைவும் தன் கட்டளையை எடுத்துக்கொண்டு பதிலை வைத்துவிடும். கூட்டமான டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போடுவோமே, அதேதான். இங்கே சீட்டு முன்பே ஒதுக்கியாச்சு, சண்டை வராது. டிரைவ்களின் கடிகாரங்கள்கூட ஒரு மைக்ரோ செகண்டுக்குள் ஒத்துப்போகும்.

இதை அப்பாவிடம் நூலைக் கையில் பிடித்துக்கொண்டு விளக்கினேன். பாதி புரிந்தது என்றார். பேரிங் சத்தத்தை மட்டும் இன்னும் அவர்தான் முதலில் கண்டுபிடிக்கிறாராம்.

நம் லேபில் மோட்டார் ஒரு மூலையில், நெட்வொர்க் கேபிள் இன்னொரு மூலையில். இரண்டையும் சேர்த்து ஒரு பரிசோதனை இல்லை. பைனல் இயர் ப்ராஜெக்டில் இரண்டு சின்ன மோட்டாரை ஒரே ஒயரில் ஒத்து ஓடவைக்கப் போகிறேன். சேர விருப்பமுள்ளவர்கள் மதியம் கேன்டீன் பக்கம் வாங்க.