கண்ணாடியும் ஒரு சுவரே

வாயில் என்றால் அதற்கு அப்பால் காலடி வைக்க நிலம் இருக்கும் என்பது எவருக்கும் இயல்பான நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் பொய்ப்பிக்கும் வாயில் ஒன்று உண்டு. மேல்மாடி அறையிலே தரையிலிருந்து தலைக்கு மேல் வரை உயர்ந்த இரட்டைக் கதவு; அதனை உட்புறமாகத் திறந்தால் எதிரே வானமும் மரக்கிளையும் அயல்வீட்டுக் கூரையுந்தான். வெளியே தளமும் இல்லை, படியும் இல்லை. வாயிலுக்குக் குறுக்காக வெளிச்சுவரிற் பொருத்திய தடுப்பு ஒன்று மாத்திரம் உண்டு. இதனையே ஆங்கிலேயர் யூலியற் பல்கனி என்பர். முன்னாளில் இரும்புக் கம்பிகளால் அமைந்த இத்தடுப்பு, இந்நாளிலே பெரும்பாலும் ஒரே தகடான கண்ணாடியாக அமைகின்றது.

பெயரைக் கேட்டதும் செகப்பிரியரின் நாடகம் நினைவுக்கு வரும். ஆயினும் அந்நாடகத்தின் மூலபாடத்திலே பல்கனி என்னும் சொல்லே இல்லை. யூலியற் மேலேயுள்ள ஒரு சாளரத்திலே தோன்றுகின்றாள், அவ்வளவே. இத்தாலியின் வெறோனா நகரில் யூலியற்றின் இல்லம் என்று காட்டப்படும் பழைய வீட்டின் பல்கனியும் 20 ஆம் நூற்றாண்டிலே சேர்க்கப்பட்டதாகும். இக்காதற் பெயரால் மயங்கி, இதனை வீட்டுக்கு அணியும் ஓர் ஆபரணமாகக் கருதுவோர் பலர். அமைப்பதில் நேரும் தவறுகள் பெரும்பாலும் அக்கருத்திலிருந்தே பிறக்கின்றன. அது ஆபரணம் அன்று, கண்ணாடியாலான சுவர். சுவரிடம் எதை எதிர்பார்ப்போமோ அதையே அதனிடமும் எதிர்பார்த்தல் வேண்டும்.

2019 ஆம் ஆண்டு ஓகஸ்ற் விடுமுறையிலே, இலண்டனின் ஹரோப் பகுதியில் வாழும் எமது தங்கையின் இல்லத்தில் மூன்று வாரம் தங்கியிருந்தோம். கூரைக்கு அடியிலுள்ள வெற்றிடத்தை அறையாக்குவது அங்கே பெருவழக்கு. தங்கையும் மைத்துனரும் பலவருடச் சேமிப்பைச் செலவிட்டு, தம் பிள்ளைகள் இருவருக்குமென அவ்வாறு ஓர் அறையை அமைத்துக்கொண்டிருந்தனர். மூத்தவளுக்குப் பத்து வயது; இளையவனுக்கு நான்கு. தோட்டத்தை நோக்கிய பக்கத்திலே கண்ணாடிப் பல்கனியும் பொருத்தியாயிற்று. இறுதிப் பரிசோதனைக்கு வந்த கட்டட அலுவலர் அளவுநாடாவை விரித்துப் பார்த்துவிட்டு, “இதனை ஏற்கமுடியாது” என்றார்.

காரணம் எளியது. இங்கிலாந்தின் விதிப்படி இத்தடுப்பின் உயரம், முடிவுற்ற தரையிலிருந்து 1100 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது. ஒப்பந்தக்காரரோ வெறும் பலகைத் தரையிலிருந்து அளந்து கண்ணாடியைப் பொருத்திவிட்டார். அதன்பின் வெப்பக்காப்பும் மரத்தரையும் இட்டபோது தரை 50 மில்லிமீற்றர் உயர்ந்தது. தரை உயரத் தடுப்புத் தாழ்ந்தது.

“அண்ணை, மூண்டு விரல் குறைஞ்சதுக்கு இவ்வளவு வம்போ?” என்று தங்கை எம்மிடம் மனம் நொந்து கேட்டாள்.

கண்ணாடியை அப்படியே மேலே உயர்த்தினால் என்ன என்று மைத்துனர் வினவினார். உயர்த்தினால் அதன் கீழ் உள்ள இடைவெளி பெருகும். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள பந்து புகக்கூடிய இடைவெளி தடுப்பிலே எங்கும் இருத்தல் ஆகாது என்பது மற்றொரு விதி. சிறு குழந்தையின் தலை புகாதிருக்க வகுத்த அளவு அது. கண்ணாடியின் அடியையும் இரு பக்கங்களையும் இவ்விதி கட்டுப்படுத்தும். வன்மையூட்டிய கண்ணாடியைப் பின்னர் வெட்டவோ துளைக்கவோ இயலாது. ஆகவே புதிய அளவிலே புதிய தகடு செய்விப்பதைத் தவிர வேறு வழி இல்லாமற் போயிற்று. அதுவரை கதவைப் பூட்டித் திறப்பைத் தங்கை தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

அந்த நாட்களில் ஒரு காலைப்பொழுது. மாடியில் ஏதோ இழுபடும் ஓசை கேட்டு ஏறிச் சென்றோம். இளையவன் தன் விளையாட்டுப் பொருட் பெட்டியைக் கதவோரம் இழுத்து வைத்து, அதன்மேல் ஏறி நின்று, அயல்வீட்டுப் பூனையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். தடுப்பின் மேல்விளிம்பு அவன் மார்புக்குக் கீழே இருந்தது. கதவு பூட்டியிருந்தது. பின்னால் வந்த தங்கை ஒன்றும் பேசவில்லை. மூன்று விரல் பற்றி அதன்பின் அவள் கேட்கவும் இல்லை.

தடுப்பின் உயரத்தைக் குழந்தை தரையிலிருந்து அளப்பதில்லை. தான் ஏறி நிற்கக்கூடிய பொருளிலிருந்தே அளக்கின்றது. கண்ணாடி சரியான உயரத்தில் அமைந்த பின்னரும், அதன் அருகே கட்டில், பெட்டி, தாழ்ந்த நாற்காலி முதலியன இருப்பின் அவ்வுயரம் பயனற்றதாகும். குறுக்குக் கம்பிகள் குழந்தைக்கு ஏணியாகும் என்பதனாலேயே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வாழக்கூடிய இடங்களில் அவற்றைத் தவிர்க்கச் சொல்கின்றனர். வழுவழுப்பான கண்ணாடிக்குள்ள நன்மையை நாமே தளபாடம் வைத்துக் கெடுத்தல் தகாது.

இனி, கண்ணாடியின் வகை. 600 பாகைக்கு மேற் சூடாக்கிக் காற்றைப் பாய்ச்சி விரைவாகக் குளிர்வித்தது வன்மையூட்டிய கண்ணாடி. அது சாதாரண கண்ணாடியிலும் பன்மடங்கு உரமுடையது. உடைந்தாலோ முழுவதும் சிறு மணிகளாக நொறுங்கி உதிர்ந்துவிடும். காயம் குறைவு, ஆனால் நின்ற தடுப்பு ஒரு நொடியில் இல்லாமற் போகும். இரு தகடுகளுக்கிடையே படலம் வைத்து ஒட்டிய கண்ணாடியோ, மோட்டார் வண்டியின் முன்கண்ணாடி போல, உடைந்தாலும் துண்டுகளைப் பற்றிக்கொண்டு நிற்கும். மேலே தொடர்ச்சியான கைபிடி இல்லாத பல்கனிக்கு ஒற்றைத் தகட்டை நம்புதல் பெருந்தவறு. கண்ணாடியினுள் நுண்ணிய நிக்கல் சல்பைட்டுத் துணிக்கை கலந்திருப்பின், எவரும் தொடாமலே பல மாதங்களின் பின் அது வெடித்தலும் உண்டு. தகட்டை மீண்டும் சூடாக்கிச் சோதித்தால், அத்தகைய குறையுடையவை பெரும்பாலும் சூளையிலேயே உடைந்துவிடும். எம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ரொறன்ரோ நகரிலே 2011 ஆம் ஆண்டில் உயர்மாடிகளின் பல்கனிக் கண்ணாடிகள் உடைந்து வீதியில் வீழ்ந்தன. அடுத்த ஆண்டிலே ஒன்ராறியோ மாகாணம் தன் கட்டட விதிகளைத் திருத்தியது.

கண்ணாடியைக் கவனிப்போரும் அதனைத் தாங்கும் ஆணிகளைக் கவனிப்பதில்லை. பௌதிகவியல் பயிலும் மாணவர்களுக்கு இதிலே நல்ல கணக்கு ஒன்று உண்டு. வெளிப்புறத் தடுப்பு ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் ஏறத்தாழ 75 கிலோகிறாம் நிறைக்குச் சமமான தள்ளுவிசையைத் தாங்கவேண்டும் என்பது அங்குள்ள நியமம். வாயில் இரண்டு மீற்றர் அகலமாயின் மொத்தம் 150 கிலோகிறாம். அடிவிளிம்பை மாத்திரம் உலோகப் பள்ளத்தில் நிறுத்தும் வகையில், அவ்விசை 1.1 மீற்றர் உயரத்திலே தாக்க, அதனை எதிர்க்கும் ஆணிகளுக்குக் கிடைக்கும் நெம்புபுயம் 10 சென்ரிமீற்றரே என்று கொள்வோம். ஆணிகள் அனைத்தும் சேர்ந்து தாங்கவேண்டிய இழுவை பதினொரு மடங்கு, அதாவது 1650 கிலோகிறாம்! சாய்ந்து நிற்கும் நான்கு பேரை அந்தச் சில ஆணிகளே காக்கின்றன.

இத்தகைய ஆணியைச் செங்கற்களுக்கு இடைப்பட்ட சாந்திலே இறுக்குவதும், செங்கல்லின் ஓரத்தை ஒட்டித் துளைத்து அதனைப் பிளப்பதும், கதவின் பிளாஸ்ரிக் நிலையிலேயே பொருத்திவிடுவதும், சுவரின் வெளிப்புறத்து மென்மையான வெப்பக்காப்பைச் சுவரென்றே எண்ணுவதும் வழக்கமான தவறுகள். பசையிட்டுப் பதிக்கும் ஆணிக்குத் துளையிலுள்ள தூசியை ஊதியும் துடைத்தும் அகற்றல் வேண்டும். இல்லையேல் பசை தூசியைப் பற்றுமேயன்றிச் செங்கல்லைப் பற்றாது. வெளியே பார்ப்போருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கடற்கரையூர்களிலே 316 என்னும் தரமுடைய துருவேறா உருக்கே தகும். அடிப்பள்ளத்தில் மழைநீர் தேங்கினால், ஒட்டிய கண்ணாடியின் படலம் விளிம்பிலிருந்து பிரியத் தொடங்கும். நீர் வடிய வழி வேண்டும்.

அனுமதி பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. இங்கிலாந்திலே தனிவீட்டுக்கு, தளமில்லாத இப்பல்கனிக்குத் திட்ட அனுமதி பொதுவாக வேண்டியதில்லை. அதனைக் கேட்டோர் பரிசோதனையும் வேண்டியதில்லை என்று முடிவு செய்துவிடுகின்றனர். கட்டட விதிகள் வேறு. அவற்றுக்கு விலக்கு இல்லை. தொடர்மாடி வீடுகளுக்கும் பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களுக்கும் அனுமதியே தனியாகப் பெறவேண்டியிருக்கும்.

ஆதலால் அன்பர்களே, இங்கோ கடல் கடந்தோ இத்தகைய பல்கனி அமைக்க எண்ணுவோர், பணத்தைக் கொடுக்குமுன் ஒப்பந்தக்காரரிடம் ஐந்து வினாக்கள் கேளுங்கள். உயரத்தை எந்தத் தரையிலிருந்து அளந்தீர்? கீழும் பக்கமும் உள்ள இடைவெளி எவ்வளவு? கண்ணாடி ஒற்றைத் தகடா, ஒட்டிய தகடா? ஆணி எதனுள் இறங்கியிருக்கின்றது? பரிசோதித்து ஒப்பமிடுபவர் யார்? நல்ல தொழிலாளி இவற்றைக் கேட்டுச் சினவான்; மகிழ்ந்து விடை சொல்வான். விடை சொல்லத் தயங்குபவரிடம் வீட்டை ஒப்படையாதீர்கள். பூட்டிய கதவு ஒரு நாள் திறக்கப்படும். அந்நாளிலே குழந்தைக்கும் வெட்டவெளிக்கும் இடையே நிற்கப்போவது அந்தக் கண்ணாடி ஒன்றே.