கிராம சபையில் ஒரு பாவசங்கீர்த்தனம்

2024-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் ஞாயிறொன்றில் பருவநிலை மாற்றத்தைக் குறித்து நாம் மறையுரை ஆற்றினோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் விடுத்த ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலை விளக்கி, உருகும் பனிமலைகளையும் உயரும் கடலையும் பற்றி உருக்கமாகவே பேசினோம். பூசை முடிந்ததும், ஊராட்சி வார்டு உறுப்பினராயிருந்த நம் பங்குத் தாயொருவர் அணுகி, “சாமி, பிரசங்கம் நல்லாயிருந்தது. அக்டோபர் 2 கிராம சபைக்கு வருவீங்களா?” என்று கேட்டார்.

நமது குருத்துவ வாழ்வில் ஒருமுறையேனும் கிராம சபையில் நாம் அமர்ந்ததில்லை. தயக்கத்தோடு சென்றோம்.

ஊர்க்குளம் நிரம்பாததைப் பற்றிப் பேச்சு எழுந்தது. மழை முன்போல் பரவலாகப் பெய்யாது இரண்டொரு நாளில் கொட்டித் தீர்க்கிறது. அந்நீரும் வரத்துக்கால் அடைபட்டுக் கிடப்பதால் குளம் வந்து சேர்வதில்லை என்றார் முதியவர் ஒருவர். அடைத்திருப்பது யாது என வினவினோம். எவரும் வாய் திறக்கவில்லை. பின்னர் அவ்வம்மையாரே, “நம்ம கோயில் திருவிழாக் குப்பையும்தான், சாமி” என்றார். நாம் எழுந்து, அனைவர் முன்னும் மன்னிப்புக் கேட்டோம்.

அன்றிரவு சுற்றுமடலை மீண்டும் புரட்டினோம். குடிமக்கள் ஆட்சியாளரைக் கண்காணியாவிடில் சுற்றுச்சூழற் கேட்டைத் தடுக்க இயலாது என்று கூறும் திருத்தந்தை, அதில் உள்ளாட்சியையும் சேர்த்தே குறிப்பிடுகிறார். அப்பகுதியை நாம் மறையுரையில் விட்டுவிட்டிருந்தோம்!

1992-ஆம் ஆண்டின் 73-ஆவது அரசமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்கெனக் குறித்த 29 பொருள்களுள் நீர் மேலாண்மை, சமூகக் காடு வளர்ப்பு, மரபுசாரா எரிசக்தி ஆகியவை அடங்கும். இவை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி தன் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொண்டு 2006-இலேயே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கி, தன் தேவைக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. வயநாட்டின் மீனங்காடி ஊராட்சியிலோ, மரங்களை வெட்டாது காக்கும் உழவர்க்கு அம்மரங்களையே ஈடாகக் கொண்டு வட்டியில்லாக் கடன் வழங்கும் திட்டம் உருவாயிற்று.

நம் ஊரில் நிகழ்ந்தது சிறிதே. ஊராட்சி வரத்துக்காலைத் தூர்வார இசைந்தது. பங்கு இளைஞர்கள் அதற்கு முன்பே இறங்கிக் குப்பையை அகற்றினர். அடுத்த திருவிழாவில் வாழையிலையில் உணவு பரிமாறினோம். குளம் நிரம்பி வழிந்தது என்று சொல்லமாட்டோம். பாதியளவு நீர் நின்றது.

அன்பான குடும்பங்களே, தோட்டத்தைப் பேணிக் காக்கும்படி இறைவன் முதல் மனிதனிடம் ஒப்படைத்தார். நமக்குரிய தோட்டம் நம் ஊராட்சி எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த கிராம சபைக்குக் குடும்பத்தோடு செல்லுங்கள். உங்கள் பங்குத்தந்தையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.