வாடகை வீட்டிலும் ஒரு வளவு

வன்னியில் எங்களுக்கு அரை ஏக்கர் வளவு இருந்தது. முருங்கை, தேசி, கத்தரி, மிளகாய் என்று கறிக்கு வேண்டியதெல்லாம் கிணற்றடியிலேயே கிடைத்தன. 2009 இல் எல்லாவற்றையும் விட்டு வெளியேறினோம். பின்னர் மகளின் வேலைக்காகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்க அறையை வாடகைக்கு எடுத்தோம். முற்றம் முழுவதும் சீமெந்து. கைப்பிடி மண்கூடக் கிடையாது.

2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தது. அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்து, வீட்டுத்தோட்டம் செய்யும்படி அரசாங்கமே கேட்டுக்கொண்ட காலம் அது. "இந்தச் சீமெந்தில எதையம்மா நடுறது?" என்று மகள் கேட்டாள். எனக்கோ வேறு தயக்கம். வீட்டுக்காரர் எழும்பச் சொன்னால் நட்டதை மறுபடியும் விட்டுவிட்டுத்தானே போகவேண்டும்? விட்டுவந்த வளவை நினைத்தால் இன்னொன்றை நடக் கை வரவில்லை.

ஆகவே, தூக்கிக்கொண்டு போகக்கூடியதாகவே தோட்டத்தைத் தொடங்கினேன். வெற்று அரிசிப் பைகளையும் பழைய பெயின்ற் வாளிகளையும் சேர்த்து, அடியில் துளைகள் இட்டேன். மேல்மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பினேன். மண்ணை மட்டும் போட்டால் பை பாரமாகும், மண்ணும் இறுகிவிடும்.

முதலில் நட்டது பொன்னாங்காணி. சந்தையில் வாங்கிய கட்டில் இலைகளைக் கறிக்கு எடுத்துக்கொண்டு, முற்றிய தண்டுகளை ஊன்றினேன். விதைச் செலவே இல்லை. ஒரு மாதமளவில் முதற்கறி சமைத்தோம். அடியோடு பிடுங்காமல் நுனியை வெட்டினால் மீண்டும் தழைக்கும். அடுத்து மிளகாயும் கறிவேப்பிலையும் வைத்தேன். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் "அக்கே" என்று கூப்பிட்டு, மதிலுக்கு மேலால் வல்லாரைக் கொடி தந்தார். நான் மிளகாய் நாற்றுக் கொடுத்தேன்.

மிளகாய்க்கு நாளொன்றுக்கு 6 மணித்தியாலமாவது வெயில் வேண்டும். வல்லாரைக்கு அரை நிழல் போதும். மரக்கறித் தோலையும் காய்ந்த சருகையும் துளையிட்ட வாளியில் மாறிமாறிப் போட்டு, ஈரம் காயாமல் பார்த்தால் இரண்டு மூன்று மாதங்களில் கூட்டெரு கிடைக்கும். மீன், இறைச்சிக் கழிவுகளைச் சேர்த்தால் எலி வரும். பைகளின் கீழ் வைக்கும் தட்டுகளில் நீர் தேங்கவிடக்கூடாது. டெங்கு நுளம்பு அதிலும் முட்டையிடும். வாரம் ஒருமுறையாவது தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

மரக்கறிச் செலவே இல்லாமற் போயிற்று என்று சொல்லமாட்டேன். கீரை, மிளகாய், கறிவேப்பிலை வாங்குவது நின்றது. கையில் சில்லறை மிஞ்சியது.

2024 இல் வீட்டுக்காரர் அறையைத் திருப்பிக் கேட்டார். 14 பைகளையும் ஒரு சிறிய லொறியில் ஏற்றிக்கொண்டு தெஹிவளைக்குப் போனோம். எத்தனையோ இடப்பெயர்வுகளைக் கண்டவள் நான். நட்டதும் கூடவே வந்தது இந்த ஒருமுறைதான்.

சகோதரிகளே, சொந்த நிலம் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு பையும் ஒரு கட்டுப் பொன்னாங்காணியும் இருந்தால் நாளைக்கே தொடங்கலாம்.