தாய்வான் செல்ல விரும்புவோர்க்கு

நம்மவருட் பெரும்பாலோர்க்குக் கடல்கடந்த உல்லாசப் பயணம் என்பது பல ஆண்டுச் சேமிப்பின் பயனாகும். ஒருமுறை செல்வோம், மீண்டும் செல்வோமோ என்பது நிச்சயமில்லை. ஆதலினாற்றான், செல்லும் நாட்டிலுள்ளவை அனைத்தையும் ஒரே மூச்சிற் கண்டுவிட வேண்டும் என்னும் ஆசை எழுகின்றது. அவ்வாசையே பயணத்தைக் கெடுத்துவிடுவதும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஓகஸ்ட் விடுமுறையில் மனைவி மக்களுடன் தாய்வான் தீவுக்குச் சென்றேன். புறப்படுமுன் எட்டு நாட்களுக்கு ஒரு திட்டம் வரைந்தேன். நாளொன்றுக்கு ஐந்து இடம் வீதம் மணிக்கணக்குடன் எழுதினேன். அதனைப் பார்த்த என் மனைவி, "பள்ளிக்கூட நேரசூசியிலேயே இடைவேளை இருக்குது. உங்கடை சூசியிலை அதைக் காணேல்லையே!" என்றாள். நான் சிரித்துவிட்டு அதனை மறந்தேன். அச்சொல்லின் உண்மை பின்னரே எனக்கு விளங்கிற்று. அத்தீவுக்கு முதன்முறை செல்லும் குடும்பங்கள் அறியவேண்டிய சிலவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

சீனப் பெருநிலத்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ளது தாய்வான். போர்த்துக்கேயர் அதனை 'அழகியது' எனப் பொருள்படும் 'போர்மோசா' என்ற பெயரால் அழைத்தனர். பரப்பு ஏறக்குறைய 36,000 சதுரக் கிலோமீற்றர். இலங்கையிற் பாதியிலும் சற்றுக் கூடியது. 'சிறிய தீவுதானே, எட்டு நாளிற் சுற்றிவிடலாம்' என்று நானும் எண்ணினேன். ஆனால் தீவின் நடுவே வடக்குத் தெற்காகப் பெருமலைத்தொடர் ஒன்று ஓடுகின்றது. நமது பிதுருதலாகல 2,524 மீற்றர் உயரம். அங்குள்ள யூசான் சிகரமோ 3,952 மீற்றர். வரைபடத்தில் அருகருகே தோன்றும் இரண்டு ஊர்களுக்கிடையே இம்மலை குறுக்கிட்டு நம்மை நெடுந்தூரம் சுற்றவைக்கும். நகரங்கள் மேற்குக் கரையில் நெருங்கியுள்ளன; கிழக்குக் கரையிற் பல இடங்களில் மலை நேரே கடலில் இறங்குகின்றது.

முதற்கண் கவனிக்க வேண்டியது விசா. இலங்கை 1950 ஆம் ஆண்டு முதல் பெய்ஜிங் அரசையே அங்கீகரித்து வருவதால், கொழும்பில் தாய்வானுக்குத் தூதரகம் இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் வெளிநாட்டிலுள்ள தாய்வான் அலுவலகம் ஒன்றின் வாயிலாக முன்கூட்டியே விசாப் பெறுதல் வேண்டும். விமானச் சீட்டுக்குப் பணம் கட்டுமுன் இதனை விசாரித்தறிக.

அடுத்தது காலம். நம் பாடசாலைகளுக்கு ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் மாதங்களில் விடுமுறை. இவற்றுள் ஓகஸ்ட் தவிர்க்கத்தக்கது. யூலை முதல் செப்டெம்பர் வரை பெரும்புயல்கள் அத்தீவைத் தாக்கும் காலம். 2009 ஓகஸ்டில் வீசிய புயலாற் சிதைந்த அலிசான் மலைப் புகையிரதப் பாதை, 2024 யூலையிலேதான் முழுமையாக மீளத் திறக்கப்பட்டது. டிசம்பரில் வடகீழ்க் காற்று வீசுவதால் வடக்கிலுள்ள தலைநகர் தாய்ப்பேயிற் குளிரும் தூறலும் உண்டு. தெற்கிலோ வெயில் இதமாயிருக்கும். ஏப்ரல் 4, 5 ஆம் நாட்களையொட்டி அந்நாட்டார் முன்னோர் கல்லறைகளை வழிபடச் சொந்த ஊர் செல்வர். புகையிரதங்கள் நிரம்பி வழியும். ஆதலின் நமது சித்திரைப் புத்தாண்டை வீட்டிற் கொண்டாடிவிட்டுப் புறப்படுவதே நன்று. மே மாத நடுவில் அங்கு மழை தொடங்கிவிடும்.

போக்குவரத்திற் குறை கூற இடமில்லை. 2007 ஆம் ஆண்டு தொடங்கிய அதிவேகப் புகையிரதம் மேற்குக் கரையில் ஏறக்குறைய 350 கிலோமீற்றர் தூரம் செல்கின்றது. விரைவு வண்டியில் தாய்ப்பேயிலிருந்து தென்கோடி நிலையத்தை ஒன்றரை மணி நேரமளவில் அடையலாம். சாதாரணப் புகையிரதம் தீவைச் சுற்றிவரும். நகரப் புகையிரதத்துக்கும் பஸ்ஸுக்கும் பணம் நிரப்பிய அட்டை ஒன்றே போதும். ஆனால் தாய்ப்பே நகரப் புகையிரதத்தினுள் உண்ணலும் பருகலும் குற்றம், தண்ணீருக்கும் விலக்கில்லை. தண்டம் 1,500 தாய்வான் டொலரிலிருந்து தொடங்கும். பாக்கு மெல்லுவதும் தண்டத்துக்குரியதாதலின், வெற்றிலைப் பழக்கமுள்ள பெரியோரை அழைத்துச் செல்வோர் எச்சரிக்கை.

சைவ உணவினர் அஞ்ச வேண்டியதில்லை. பௌத்த சமயத்தின் செல்வாக்கினால் மரக்கறி உணவுச்சாலைகள் அங்கு மிகுதி. 'சூ' என ஒலிக்கும் எழுத்தும், சில கடைகளிற் சுவத்திகக் குறியும் அவற்றின் அடையாளம். பொதியிட்ட உணவுகளில் முட்டை, பால், வெங்காயம், பூண்டு ஆகியன சேர்ந்தனவா என்பதற்கேற்ப வெவ்வேறு பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். 'சூ' எழுத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டுசெல்க. எமக்கு அதுவே பேருதவி செய்தது. அங்கு மின்சாரம் 110 வோல்ற். நமது 230 வோல்ற் மின்னழுத்தி அங்கே விரைவிற் சூடேறாது. நேரம் நம்மினும் இரண்டரை மணி முந்தியது.

இனி என் நேரசூசியின் கதி. நாம் தெற்கேயுள்ள பழைய நகரான தாய்நானை அடைந்த அன்று மாலை, மறுநாள் புயல் காரணமாக அலுவலகங்களும் பாடசாலைகளும் நடைபெறா என நகர நிருவாகம் அறிவித்தது. மறுநாள் முழுவதும் அறையில் அடைந்து கிடந்தோம். அதற்கடுத்த நாள் வானம் வெளுத்தது. ஆனால் கிழக்குக் கரைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் மண்சரிவு. ஹுவாலியன் நகரில் முற்பணம் கட்டியிருந்த அறை போயிற்று. அருகேயுள்ள தரோகோ மலைப்பிளவைக் காணும் வாய்ப்பும் போயிற்று. பல மாதச் சேமிப்பு வீணானதென நான் மனம் நொந்திருந்தேன்.

செய்வதற்கு வேறொன்றுமின்றி, அன்பிங் பகுதியிலுள்ள பழங்கோட்டைக்குச் சென்றோம். ஒல்லாந்தர் கம்பனி 1624 இல் அமைக்கத் தொடங்கிய சீலாந்தியாக் கோட்டை அது. ஒன்பது மாத முற்றுகைக்குப் பின், 1662 பெப்ரவரியில் கொக்சிங்கா என்னும் சீனத் தளபதியிடம் அதனை ஒப்படைத்து அவர்கள் வெளியேறினர். இன்றுள்ள கட்டடங்கள் பிற்காலத்தவை. ஒல்லாந்தர் காலத்து வெளிமதிலின் ஒரு பகுதி மாத்திரம் ஆலம்வேர்கள் தழுவ நிற்கின்றது. சர்க்கரைப்பாகு, பசையரிசி, மணல், சிப்பித்தூள் சேர்த்த சாந்தினால் அதன் செங்கற்கள் பிணைக்கப்பட்டவை.

அம்மதிலருகே நின்ற என் மூத்த மகள், "அப்பா, எங்கடை யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்ச அதே கம்பனிதானே இது?" என்றாள். ஆம், அதே கம்பனிதான். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியவர் அவர்களே. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இரு கோட்டைகளும் பத்தாவியாவிலிருந்து வந்த கட்டளைக்கே பணிந்து நின்றன. நானறிந்திருந்த இந்த ஆண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எனக்கு அதுவரை தோன்றியதில்லை. பிள்ளைகள் இருவரும் ஓயாது வினவ, அரை நாள் அங்கேயே கழிந்தது. என் சூசியில் அக்கோட்டைக்கு நான் ஒதுக்கியிருந்தது அரை மணி நேரம்.

பின்னொருமுறை காணலாம் என்று விட்டுவந்த தரோகோவை, 2024 ஏப்ரல் 3 ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கம் பெரிதும் சிதைத்துவிட்டது. அங்கு செல்ல எண்ணுவோர் எப்பாதை திறந்துள்ளது என விசாரித்தே செல்லல் வேண்டும்.

எட்டு நாட் பயணமாயின், தாய்ப்பேயில் மூன்று நாள் தங்குக. பெய்ஜிங் அரண்மனைச் செல்வங்களைக் காக்கும் அரும்பொருட்சாலைக்கு அதில் ஒரு முழு நாள் தகும். அலிசான் மலையில் இரண்டு நாள். நுவரெலியாவுக்குக் கொண்டுசெல்லும் கம்பளியுடை அங்கும் வேண்டும். தாய்நானில் இரண்டு நாள். எஞ்சிய ஒரு நாளில் எதனையும் எழுதாது விடுக. கிழக்குக் கரை இம்முறை எஞ்சி நிற்கட்டும். புயல் வந்தால் அவ்வெறுநாள் உங்களைக் காக்கும். வராவிட்டால், உங்கள் பிள்ளைகள் கால்பதித்து நிற்க விரும்பிய இடத்திற்கு அதனைக் கொடுங்கள். என் மனைவி கேட்ட இடைவேளை அதுதான்.