குரூப்பைப் பிரித்த இரவு

நாமக்கல் மலைக்கோட்டை ஜன்னலில் தெரியும் ஒரு மாடி டிடிபி சென்டரில் சில வருடம் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, லாரி ஆபீஸ் பில் புக் எல்லாம் வரும். ஆனால் சோறு போட்டது பத்தாம் வகுப்புக் கணக்கு கைடுதான்.

பழைய ஃபைல்கள் எல்லாம் பழைய ஃபான்ட்டில் அடித்தவை. அதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், யூனிகோடில் பின்னால். மாற்றித் தர நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பாடமெல்லாம் மாறியது, படங்களுக்குள் இருந்தது மட்டும் மாறவில்லை. 'கர்ணம்' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியும். காரணம், இன்டிசைனில் டாக்குமென்டின் டெக்ஸ்ட் ஃபிரேம்களைக் கேட்டால், குரூப்புக்குள் இருப்பதை அது கணக்கில் சேர்க்காது.

சரி, குரூப்பையே பிரித்துவிடலாம் என்று ராத்திரி உட்கார்ந்தேன். முதல் தடவை ஒன்று விட்டு ஒன்றுதான் பிரிந்தது. ஒன்றைப் பிரித்ததும் பட்டியல் சுருங்கி அடுத்தது அதன் இடத்துக்கு வந்துவிடும், எண்ணிக்கையோ அதைத் தாண்டிப் போய்விடும். கடைசியிலிருந்து ஓட்டினேன். குரூப்புக்குள் குரூப் இருந்ததால் பூஜ்யம் ஆகும்வரை சுற்றவிட்டேன். எல்லாம் பிரிந்து, எழுத்தும் மாறியது. அசல் ஃபைல் மேலேயே சேவ் செய்து மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். அவ்வளவு சந்தோஷம்.

காலையில் அக்கா ஒரு முக்கோணத்தை அடுத்த பக்கத்துக்கு நகர்த்தினார். முக்கோணம் போனது, ஏ, பி, சி மூன்றும் பழைய இடத்திலேயே நின்றன.

ஃபைலை மூடித் திறந்த பிறகு அன்டூ கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைச் சேர்க்க இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதிப் பார்த்தேன். தனியாக நின்ற படங்களுக்குச் சரியாக வந்தது. இரண்டு முக்கோணம் ஒட்டி நின்ற இடத்தில், இதன் பி-யை அதற்குக் கொடுத்தது.

அக்காதான் மறுபடி கட்டினார். "இந்தப் படத்துல டி கெடையாது கண்ணு, அது பக்கத்துக் கணக்கோடது." புத்தகத்தைப் பார்க்காமலே சொல்வார். அந்தப் படங்களை முதலில் வரைந்து குரூப் செய்ததே அவர்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும்.

அவருக்குச் சம்பளம் பக்கக் கணக்கு. திரும்பக் கட்டியதற்குப் பக்கம் ஏது? நான்கு நாள் சும்மா போனது. ஓனர் கேட்டபோது "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சுங்க" என்றேன். அக்கா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு மவுஸைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் 'ஆல்பேஜ்ஐட்டம்ஸ்' என்ற சொல்லைக் கண்டேன். குரூப்புக்குள் எத்தனை அடுக்கில் இருந்தாலும் எல்லாவற்றையும் அது எடுத்துத் தரும். எதையுமே பிரித்திருக்க வேண்டியதில்லை. அதற்குள் அக்கா திருச்செங்கோட்டில் வேறு கடைக்குப் போயிருந்தார்.