குடிக்காத மனிதர்

திருநின்றவூரில் சென்ட்ரல் போகும் லோக்கல் நின்றதும், கூட்டத்தோடு ஏறிய மூவர் என் எதிர் சீட்டில் உட்காருகிறார்கள். ஜன்னலோரம் அவர். நாற்பதைத் தாண்டியிருக்கும். சட்டை தோளில் தொளதொளவென்று தொங்குகிறது. பக்கத்தில் மனைவி, மடியில் ஸ்கேன் கவர். அடுத்து அவர் தாய், நெற்றி நிறைய திருநீறு.

"ஆஸ்பத்திரிக்காம்மா?" என்கிறார் கம்பியைப் பிடித்து நிற்கும் பூக்கார அம்மாள்.

"ஆமாக்கா, ஜி.எச்.சுக்கு. ஆபரேஷன் ஆயிடுச்சு, செக்கப்புக்குப் போறோம்."

நெமிலிச்சேரி கடந்ததும் மனைவி தானாகவே பேசுகிறாள்.

"ஒரு வருஷமா இவரக் குடிகாரன்னு சொன்னாங்கக்கா. காக்களூர்ல ஒரு கம்பெனியில நைட் ஷிப்ட். விடிகாலையில நாக்கு குழறும், கால் தள்ளாடும். கேட்ல வாயை ஊதச் சொன்னாங்க. வாடையே இல்ல. அப்பவும் நம்பல."

அவர் தலையைத் திருப்பவில்லை. கை மட்டும் சட்டையின் கீழ்ப் பட்டனைத் திருகுகிறது.

தாய் குறுக்கிடுகிறார். "நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குதுன்னான். நம்மூரு இருதயாலீஸ்வரர்கிட்ட வேண்டிக்கிட்டேன்." பூசலார் நாயனார் மனத்திலேயே கோயில் கட்டிய ஊர் அது. இதய நோய் உள்ளவர்கள் வேண்டிக்கொண்டு வரும் சன்னிதி. ஆனால் ஈ.சி.ஜி.யில் இதயத்துக்குக் குறை இல்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் உடம்பு அட்ரினலினைச் சுரந்து எச்சரிக்கும். அதனால்தான் படபடப்பு, வியர்வை, நடுக்கம். மேலும் இறங்கினால் மூளை தடுமாறும். பேச்சு குழறும், ஆள் அடையாளம் தெரியாது, வலிப்பும் வரும். இவருக்கும் சில மாதம் வலிப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

ஆவடியில் கூட்டம் நெருக்குகிறது. மனைவி கவரை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள்.

"சக்கரை தூக்கலா டீ குடுத்தா பத்து நிமிஷத்துல தெளிஞ்சிடுவாருக்கா. ஒரு நாள் பக்கத்து வீட்டு மிஷின்ல விரலைக் குத்திப் பார்த்தேன். முப்பத்தெட்டு."

வெறும் வயிற்றில் தடுமாற்றம், அந்நேரம் குறைந்த சர்க்கரை, இனிப்பு உள்ளே போனதும் தெளிவு. அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1930களில் நியூயார்க்கில் வகுத்த மூன்று அடையாளங்கள் இவை. மூன்றையும் இவள் தன் சமையலறையிலேயே கண்டுவிட்டாள்.

காரணம் கணையத்தில் ஒரு சிறு கட்டி. பெயர் இன்சுலினோமா. சாப்பிடாதபோது இன்சுலின் அடங்க வேண்டும். இந்தக் கட்டி அடங்காமல் சுரந்துகொண்டே இருக்கும். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு 1 முதல் 4 பேருக்கு மட்டுமே வருவதால், பலருக்கு இது பிடிபட வருடக்கணக்காகிறது. பசியைத் தணிக்கச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எடையும் கூடும். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த எடை இறங்கியதால்தான் அவர் சட்டை இப்போது தொளதொளக்கிறது என்று புரிகிறது.

"ஆஸ்பத்திரியில பட்டினி போட்டாங்கக்கா. தண்ணி மட்டும்தான். ரெண்டாம் நாள் ராத்திரியே இறங்கிடுச்சு."

72 மணி நேரம் வரை நீளக்கூடிய சோதனை அது. மருத்துவமனையில் மட்டுமே செய்ய வேண்டியது. சர்க்கரை 55 மில்லிகிராமுக்குக் கீழே போகும் நேரத்தில் ரத்தம் எடுத்து இன்சுலினையும் சி-பெப்டைடையும் அளக்கிறார்கள். இரண்டும் அடங்காமல் இருந்தால், அந்த இன்சுலின் ஊசியில் வந்ததல்ல, உடம்பே சுரந்தது. சர்க்கரை நோய் மாத்திரை ஏதும் தவறி உள்ளே போகவில்லை என்பதையும் சோதித்துவிட்டால், மிஞ்சுவது பெரும்பாலும் கட்டிதான்.

அடுத்து அது இருக்கும் இடம் தெரிய வேண்டும். பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்கும் சிறியது; சி.டி. ஸ்கேனுக்குத் தப்பிவிடுவதும் உண்டு. "வாய் வழியா குழாய் விட்டு ஸ்கேன் எடுத்தப்பதான் தெரிஞ்சிச்சு. இம்மாத்தூண்டு," என்று கட்டைவிரல் நகத்தைக் காட்டுகிறாள். பூக்கார அம்மாள் குனிந்து அந்த நகத்தையே பார்க்கிறார்.

"கேன்சராம்மா?"

"இல்லக்கா. எடுத்துட்டாங்க, அன்னிக்கே சக்கரை ஏறிடுச்சு. முன்னல்லாம் அலாரம் வச்சு ராத்திரி மூணு மணிக்கு எழுப்பிச் சாப்பாடு போடுவேன். இப்ப விடியற வரைக்கும் தூங்குறாரு."

இன்சுலினோமாவில் பத்தில் ஒன்பது புற்றுநோய் அல்லாதவை. கட்டியை மட்டும் அகற்றினாலே பெரும்பாலோர் முழுதாகக் குணமாகிறார்கள். 1929இல் டொராண்டோவில் ராஸ்கோ கிரஹாம் இந்த அறுவையை முதல்முறையாக வெற்றியாக்கினார். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டு எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன, அதுவும் அதே நகரில். அறுவைக்கு முன்பும், அறுவை செய்ய இயலாதவர்களுக்கும் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்க டயசாக்சைடு போன்ற மருந்துகள் உண்டு.

பேசின் பிரிட்ஜில் வண்டி ஊர்கிறது. அவர் முதல்முறையாக வாய் திறக்கிறார். பூக்கார அம்மாளைப் பார்த்து, "நான் குடிச்சதே இல்லக்கா."

ஒரு வருடமாக யாரும் ஏற்காத சொல் அது. பூக்கார அம்மாள், "தெரியுது தம்பி," என்கிறார்.

உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ வெறும் வயிற்றில் ஒருவர் நிதானம் தவறினால், குடி என்றோ காத்துக்கருப்பு என்றோ முடிவு கட்டாதீர்கள். அந்த நிமிடமே விரல் நுனியில் சர்க்கரையைப் பாருங்கள். நினைவிருந்தால் இனிப்புக் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். மிஷின் காட்டிய சர்க்கரை அளவைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வைத்தியம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.